திருகோணமலை மணலில் ஆடாதோடை வளருமா? இருமலுக்கு அதை எப்படிப் பாவிப்பது?

தாராளமாக வளரும். நிலாவெளி, உப்புவெளி மணலில் ஒரே குறை, ஈரம் நிற்காது. ஓரடிக் குழி வெட்டி, மேல்மண்ணும் உக்கிய மாட்டெருவும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். அடியைச் சுற்றிப் பொச்சுமட்டை பரப்புங்கள். தம்பலகாமம் போன்ற வயற்பக்கமென்றால் சிக்கல் வேறு: மாரியில் வேர் அழுகும், மேடு கட்டித்தான் நட வேண்டும்.

விதைக்காக அலைய வேண்டாம், தடி போதும். பென்சில் பருமனில் பட்டை முற்றிய கொப்பை 15–20 சென்ரிமீற்றர் நீளத்தில், மூன்று நான்கு கணுவோடு வெட்டுங்கள். பச்சைத் தளிர் நுனி அழுகிவிடும். அடிப்பக்கத்தைச் சரிவாக வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும். ஆவணியில் பையில் வைத்து, நிழலில் வேர்விடச் செய்து, ஐப்பசி மழையோடு நிலத்துக்கு மாற்றுங்கள். இந்தக் கணக்கு முக்கியம். மாரி முழுவதும் வேர் இறங்கியிருந்தால்தான் கோடையில் கச்சான் காற்றைச் செடி தாங்கும். தை கடந்து நட்டால் கருகும். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலியோரம் இரண்டடிக்கு ஒன்றாக நடலாம்.

முற்றிய பச்சை இலையைப் பறியுங்கள், பழுத்தது வேண்டாம். காயவைப்பது நிழலில், மெல்லிய படையாக. குவித்தால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

பலர் தவறுவது சாறெடுப்பதில்தான். பச்சை இலையை எவ்வளவு இடித்தாலும் சாறு சொட்டாகத்தான் வரும். இலையை வாழையிலையில் சுற்றி, பிட்டுப்போல ஆவியில் அவித்து, சூட்டோடு இடித்துப் பிழியுங்கள். சித்த வைத்தியத்தில் இதைப் பிட்டவியல் என்பார்கள். பெரியவர்களுக்கு 10 மில்லிலீற்றர் சாறு, சிறிது தேனோடு, நாளுக்கு இருமுறை. கசாயமென்றால் ஐந்து இலையை 400 மில்லிலீற்றர் நீரில் 100 ஆக வற்றக் காய்ச்சி, காலையும் மாலையும் பாதிப் பாதியாகக் குடிக்கலாம். இறுகிய சளி இளகும். இலையிலுள்ள வசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது.

அளவு மீறினால் குமட்டும், வாந்தி வரும். அதே வசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேனும் ஆகாது. சளியில் இரத்தம் கண்டாலோ, இருமல் இரண்டு கிழமையைத் தாண்டினாலோ கசாயத்தை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்யுங்கள்.