ஆறு ஷில்லிங்கும் ஒரு புள்ளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் ரக்பி லீக் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். 1895–96 பருவத்தை வரலாற்றுச் சிறப்புடையது என்கிறீர்கள். எனக்கு இரண்டு ஐயங்கள். 1895இல் அந்த வடக்குக் கிளப்புகள் ரக்பி சங்கத்திலிருந்து பிரிந்துபோனது பணத்துக்காகத்தானே? கேட்டார்கள், கிடைக்கவில்லை, தனிக்கடை போட்டார்கள். இதில் உழைப்பாளர் உரிமை எங்கிருந்து வந்தது? கிரிக்கெட்டில் இன்று ஆட்டக்காரர்களை ஏலம் விடுவதைப் பார்க்கும்போது, ஆட்டத்தைப் பணத்திடமிருந்து காப்பாற்ற நினைத்த அந்த லண்டன் கனவான்கள்மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது. அடுத்தது, அந்தப் பருவத்திலிருந்தே அணிக்குப் பதின்மூன்று பேர் ஆடினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 1906இல் வந்த மாற்றம் அல்லவா? விதிகளும் மாறவில்லை, முதல் சாம்பியனான மானிங்ஹாம் அணியும் இன்று இல்லை என்றால், அந்தப் பருவத்தில் வரலாறு எங்கே இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பதின்மூன்று பேர் பற்றி நீங்கள் சொல்வதே சரி. 1895–96இல் அணிக்குப் பதினைந்து பேர்தான் ஆடினார்கள். ட்ரைக்கு (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) 3 புள்ளி, டிராப் கோலுக்கு (கையிலிருந்து பந்தைத் தரையில் விழவிட்டு உதைக்கும் கோல்) 4 புள்ளி என்ற பழைய கணக்கும் அப்படியே இருந்தது. கட்டுரையில் திருத்திவிட்டேன். ஆனால் அந்தத் திருத்தம் என் வாதத்தைப் பலவீனப்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். ஆட்டம் ஒன்றாகவே இருந்தபோது அதை ஆடியவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள் என்றால், பிளவின் காரணத்தை மைதானத்துக்கு வெளியேதான் தேட வேண்டும்.

'பணத்துக்காக' என்ற உங்கள் சொல்லை, எவ்வளவு பணம், எதற்கான பணம் என்று பிரித்துப் பார்ப்போம். கேட்கப்பட்ட தொகை ஒரு நாளைக்கு ஆறு ஷில்லிங் (அன்று இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு). ஆடியதற்கான கூலியாக அல்ல, ஆடப் போனதால் இழந்த கூலிக்கு ஈடாக. யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் பஞ்சாலை, கம்பளி ஆலை, நிலக்கரிச் சுரங்கம், துறைமுகம் ஆகியவற்றில் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை அவர்களுக்கு அரைநாள் வேலைநாள். உள்ளூர் ஆட்டம் என்றால் ஆலைச் சங்கு ஊதியதும் ஓடிவந்து சட்டை மாற்றிக்கொண்டு இறங்கிவிடலாம். கிழக்குக் கடற்கரையின் ஹல் துறைமுகத்திலிருந்து, மேற்கே மெர்சி ஆற்றங்கரையில் இருக்கும் விட்னஸுக்கு ஆடப் போக வேண்டுமென்றால் காலையிலேயே ரயில் ஏறியாக வேண்டும். அன்றைய கூலி போய்விடும். அனுமதியின்றிப் போனால் வேலையும் போகலாம். அதே ரயிலில் வரும் வழக்கறிஞரின் மகனுக்கோ ஆலை முதலாளியின் மகனுக்கோ அந்த நாளின் விலை ஒரு சுகமான பயணம் மட்டுமே.

இந்த ஈட்டுத்தொகையை அனுமதிக்க வேண்டும் என்ற தீர்மானத்தை யார்க்‌ஷயரின் ஜேம்ஸ் மில்லர் 1893 செப்டம்பர் 20 அன்று லண்டனில் கூடிய ரக்பி சங்கப் பொதுக்கூட்டத்தில் முன்வைத்தார். வடக்கிலிருந்து பிரதிநிதிகள் தனி ரயில்களில் போனார்கள். ஆதரவாக 136 வாக்குகள், எதிராக 282. எதிர்த்த வாக்குகளில் நூற்றுக்கு மேற்பட்டவை கூட்டத்துக்கே வராத கிளப்புகளின் சார்பில் முன்கூட்டியே திரட்டி வைக்கப்பட்டவை. அன்று புதன்கிழமை என்பதையும் கவனியுங்கள். கூலி போனால் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருந்த ஒருவர், தன்னைப் பற்றிய அந்த விவாதத்தைக் கேட்கப் போயிருந்தாலும் ஒரு நாள் கூலியை இழந்திருப்பார்.

உங்கள் மரியாதைக்குரிய கனவான்களிடம் வருகிறேன். 1888இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ஒரு பிரிட்டிஷ் அணி ஆடப் போனது. ஹாலிஃபாக்ஸ் கிளப்பின் ஜாக் கிளோவ்ஸ், பயணத்துக்கு உடைகள் வாங்கிக்கொள்ள 15 பவுண்டு பெற்றுக்கொண்டார். செய்தி வெளியானதும் ரக்பி சங்கம் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவித்தது. அணியோடு கப்பலேறிப் போன மனிதர் அங்கே களமிறங்க முடியாமல் போனது. திரும்பி வந்த மற்றவர்களிடம், ஆடுவதற்காகப் பணம் பெறவில்லை என்று ஓர் உறுதிமொழியை வாங்கிக்கொண்டு சங்கம் விஷயத்தை முடித்துவிட்டது. தொழில்முறைக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களான ஷாவும் ஷ்ரூஸ்பரியும் லாபத்துக்காகவே ஏற்பாடு செய்த பயணம் அது. அத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள் என்று நம்புவதற்கு ஒரு தனி மனப்பயிற்சி வேண்டும்.

நீங்கள் கிரிக்கெட்டைக் குறிப்பிட்டதால் இன்னொன்றும் சொல்கிறேன். பிளவு நிகழ்ந்த அதே 1895இன் கோடையில், நாற்பத்தாறு வயது டபிள்யூ. ஜி. கிரேஸ் மே மாதத்தில் மட்டும் ஆயிரம் ஓட்டங்கள் குவித்தார். டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை வாசகர்களிடம் தலைக்கு ஒரு ஷில்லிங் கேட்டு அவருக்காக நிதி திரட்டியது. ஐயாயிரம் பவுண்டு, அதாவது ஒரு லட்சம் ஷில்லிங் சேர்ந்தது. ஆனாலும் கிரேஸ் அதற்கு முன்னும் அமெச்சூர், அதாவது பணத்துக்காக ஆடாதவர், பின்னும் அமெச்சூர். வேறு ஆட்டம், வேறு சங்கம் என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் இரண்டையும் நடத்திய வர்க்கம் ஒன்று. ஆகவே அவர்கள் ஆட்டத்தைப் பணத்திடமிருந்து காத்தார்கள் என்று என்னால் சொல்ல இயலவில்லை. பணம் எந்தக் கைக்குப் போகலாம் என்பதைத் தாங்களே தீர்மானிக்கும் அதிகாரத்தைத்தான் காத்துக்கொண்டார்கள்.

பழைய கட்டுரையில் நான் சற்று உணர்ச்சிவசப்பட்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1895 ஆகஸ்டு 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கு யூனியன் என்ற புதிய அமைப்பைத் தொடங்கியவர்கள் தொழிலாளர்கள் அல்லர். கிளப்புகளை நடத்திய வணிகர்களும் சிறு முதலாளிகளும்தான் அங்கே இருந்தார்கள். நுழைவுச்சீட்டு வசூல் அவர்களுக்கு முக்கியம். பெரிய கிளப்புகள் தங்கள் போட்டியைத் தாங்களே நடத்த விரும்பின; கீழ்நிலைக் கிளப்புகள் வென்று மேலே ஏறிவருவதை அவை ரசிக்கவில்லை. 'தனிக்கடை' என்று நீங்கள் சொன்னது இந்த அளவில் பொருந்தும்.

அந்தக் கடைக்காரர்களும் தொழிலாளியை முழுதாக நம்பிவிடவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் ஆறு ஷில்லிங் ஈட்டைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்றே விதி இருந்தது. 1898இல் ஆடுவதற்குச் சம்பளம் தரலாம் என்று அனுமதித்தபோது, ஆட்டக்காரர் வேறொரு முறையான வேலையிலும் இருந்தாக வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பில்லியர்ட்ஸ் மேசையில் புள்ளி குறிப்பதும் மதுக்கடையில் பரிமாறுவதும் முறையான வேலையாகாது என்று பட்டியலும் இட்டார்கள். வாரம் முழுக்க வேலைக்குப் போகாதவர் சனிக்கிழமை களமிறங்கினால் கிளப்புக்குத் தண்டனை. இந்த வேடிக்கை 1905 வரை நீடித்தது. லண்டன்காரர்கள் அமெச்சூர் என்ற பெயரில் செய்ததை இவர்கள் ஒழுக்கம் என்ற பெயரில் கொஞ்ச காலம் செய்துபார்த்தார்கள்.

இனி அந்தப் பருவம். கூட்டம் முடிந்து ஒன்பதே நாளில், செப்டம்பர் 7 அன்று, முதல் ஆட்டங்கள் தொடங்கிவிட்டன. மொத்தம் 22 கிளப்புகள். ஒவ்வொன்றும் மற்ற இருபத்தொன்றோடும் சொந்த ஊரில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை ஆட வேண்டும், ஆக 42 ஆட்டங்கள். வாரம் முழுக்க ஆலையில் நின்றவர்கள், வடக்கின் குளிரிலும் சேற்றிலும் ஏப்ரல் கடைசி வரை ஆடிய 42 ஆட்டங்கள் அவை. ரக்பி சங்கமும் சும்மா இருக்கவில்லை. வடக்கு யூனியன் கிளப்பில் ஆடியவர் மட்டுமல்ல, அதற்கு எதிராக ஒருமுறை ஆடியவரும் தங்கள் ஆட்டத்துக்குத் தகுதியற்றவர் என்று அதே செப்டம்பரில் விதி செய்தது. ஆகவே அந்த முதல் சனிக்கிழமை களமிறங்கியவர்கள் திரும்பி வரும் கதவைத் தாங்களே சாத்திக்கொண்டு இறங்கினார்கள். இங்கிலாந்து அணிக்கு ஆடியிருந்தவர்களும், ஆடும் கனவில் இருந்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். அந்தப் பருவத்தின் வரலாறு எங்கே என்று கேட்டீர்கள். முதலில் இதைத்தான் காட்டுவேன்.

பருவத்தின் இறுதியில் மானிங்ஹாமும் ஹாலிஃபாக்ஸும் மட்டுமே போட்டியில் எஞ்சின. கடைசி நாளில் ஹன்ஸ்லெட்டுக்குப் போய் வென்று, மானிங்ஹாம் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முதலிடம் பெற்றது. பட்டியலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மானிங்ஹாம் 33 வெற்றி, 9 தோல்வி, சமநிலை ஒன்றுகூட இல்லை. ஹாலிஃபாக்ஸ் 30 வெற்றி, 7 தோல்வி, 5 சமநிலை. குறைவாகத் தோற்ற அணி இரண்டாமிடம் போனது. வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று என்ற கணக்கில், சமநிலையில் முடிந்த அந்த ஐந்து ஆட்டங்களில் ஒன்று ஹாலிஃபாக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் இரு அணிகளும் சமமாகியிருக்கும். கிளோவ்ஸின் கிளப்புக்கு அந்த நியாயமும் கிடைக்கவில்லை என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் அது என் பக்கச்சார்பு. சாம்பியன் அணியே ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒன்பது புள்ளிகூட எடுக்கவில்லை என்பதிலிருந்து அன்றைய ஆட்டம் எவ்வளவு இறுக்கமாக, முன்வரிசைக்காரர்களின் தள்ளுமுள்ளாக இருந்தது என்று ஊகிக்கலாம். அந்த அணிக்காக உதைத்து உதைத்துப் புள்ளி சேர்த்த ஜார்ஜ் லோரிமர் மறு ஆண்டே டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார்.

மானிங்ஹாம் என்பது பிராட்ஃபோர்டு நகரின் ஒரு பகுதி. அங்கிருந்த லிஸ்டரின் பட்டு ஆலையில் 1890 டிசம்பரில் கூலிக்குறைப்பை எதிர்த்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் நான்கு மாதங்களுக்குப் பின் தோல்வியில் முடிந்தது. அதன் சூட்டில் அந்த நகரில் உருவான தொழிலாளர் அரசியலின் தொடர்ச்சியாக, 1893 ஜனவரியில் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிராட்ஃபோர்டில்தான் பிறந்தது. லண்டனில் மில்லரின் தீர்மானம் தோற்றது அதே ஆண்டின் செப்டம்பரில். ஆலை வேலைநிறுத்தம் ரக்பிப் பிளவை உண்டாக்கியது என்று நான் சொல்லவரவில்லை. ஒரு நாள் கூலி என்றால் என்ன என்பதை விளக்கத் தேவையில்லாத ஊரிலிருந்து முதல் சாம்பியன் வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட விதிகள், அந்தப் பருவம் கற்பித்த பாடத்திலிருந்தே மாறத் தொடங்கின. 42 ஆட்டங்களுக்கு இரண்டு மாகாணங்களிலும் அலைந்த ரயில் செலவு தாங்காமல், மறு ஆண்டே யார்க்‌ஷயர் தனி, லங்காஷயர் தனி என்று போட்டியைப் பிரித்துக்கொண்டார்கள். ஈட்டுத்தொகை நுழைவுச்சீட்டு வசூலிலிருந்து வர வேண்டும். வசூல் வர வேண்டுமென்றால், பார்க்க வருகிறவருக்குப் பந்து கண்ணில் பட வேண்டும். 1897இல் லைன் அவுட்டை (வெளியே போன பந்தை இரு அணியும் வரிசையாக நிற்க நடுவே எறியும் முறையை) எடுத்தார்கள், எல்லா கோலுக்கும் இரண்டே புள்ளி என்று குறைத்து ட்ரையின் மதிப்பை உயர்த்தினார்கள். 1906இல் அணிக்குப் பதின்மூன்று பேரானார்கள். பிடிபட்டவர் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடரும் முறையும் அப்போது வந்தது. இன்று நாம் ரக்பி லீக் என்று அடையாளம் காணும் ஆட்டம் இப்படி ஆறு ஷில்லிங்கிலிருந்து படிப்படியாக வளர்ந்தது.

எதிர்த்தரப்பான ரக்பி சங்கத்துக்கும் இழப்பு சிறியதல்ல. மாகாண சாம்பியன்ஷிப்பின் முதல் எட்டுப் பருவங்களில் ஏழை வென்றது யார்க்‌ஷயர். அந்த வலிமை கைவிட்டுப்போன பின், 1892இல் நான்கு நாடுகள் போட்டியை வென்றிருந்த இங்கிலாந்து மறுபடி அதை வென்றது 1910இல்தான். சங்கத்தின் அமெச்சூர் விதி நூறாண்டு நின்றது. 1995 ஆகஸ்டின் கடைசியில், ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்தின் நூற்றாண்டு நிறைவுக்குச் சில நாட்களே இருந்தபோது, சர்வதேச ரக்பி வாரியம் பாரிஸில் கூடி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தரலாம் என்று அறிவித்தது. தேதியை யாரும் வேண்டுமென்று பார்த்துவைத்திருக்க மாட்டார்கள்.

மானிங்ஹாம் அணி இன்று இல்லை என்பதில் ஒரு சிறு திருத்தம் உண்டு. பட்டம் வென்ற ஏழே ஆண்டுகளில் அது கடனில் மூழ்கி, இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியிருந்தது. 1903 கோடையில் நிதி திரட்ட ஒரு வில்வித்தைப் போட்டிகூட நடத்திப் பார்த்துவிட்டு, ரக்பியை விட்டுக் கால்பந்துக்கு மாறிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். கால்பந்து லீக் அவர்களை, அணிக்கு ஆள் சேர்த்து ஓர் ஆட்டம் ஆடுவதற்கு முன்பாகவே, இரண்டாம் பிரிவில் சேர்த்துக்கொண்டது. 1911இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பிராட்ஃபோர்டு சிட்டி அதுதான். இன்றும் அவர்கள் ஆடுவது மானிங்ஹாமின் பழைய மைதானமான வேலி பரேடில். சட்டையில் இருப்பது மானிங்ஹாமின் அதே அடர்சிவப்பும் பொன்மஞ்சளும்.

அன்புடன்,
ஆசிரியர்