பழைய டாட்ஜ் சார்ஜர் காரில் காயில்ஓவர் போட்டால் முன்பக்க ஷாக் மவுண்டை ஏன் பலப்படுத்த வேண்டும்?

காயில்ஓவர் என்பது ஷாக் அப்சார்பரும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஒரே உறுப்பு. ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும், ஷாக் ஆட்டத்தை அடக்கும்.

1968–70 சார்ஜரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கே கிடையாது. டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பிகள்தான் பாரத்தைத் தாங்கி, பின்னால் உள்ள குறுக்குச் சட்டத்துக்குக் கடத்துகின்றன. ஷாக்கின் மேல்முனையைப் பிடித்திருக்கும் மேல் ஷாக் மவுண்டுக்கு ஆட்டத்தின் விசை மட்டுமே. காயில்ஓவர் மாட்டியதும், வண்டி சும்மா நின்றாலும் முன்பாரம் அந்த மவுண்டின் மேல்தான். சட்டை மாட்டும் ஆணியில் ஊஞ்சல் கட்டியது போல! நாளடைவில் தகடு வளையும், வெல்டு ஓரம் விரிசல் விடும்.

சரி, என்ன செய்யலாம்? மவுண்டை முக்கோணத் தகடுகளால் வண்டியின் நீளவாக்குச் சட்டமான ஃபிரேம் ரெயிலோடு சேர்த்துப் பற்றவையுங்கள். அங்கிருந்து, என்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பான ஃபயர்வாலுக்குக் குழாய் கொடுத்தால் இன்னும் நல்லது. பலரும் மறப்பது காயில்ஓவரின் கீழ்முனையை: அங்கே போல்ட் ஒரு பக்கப் பிடிப்பில் தொங்கக் கூடாது, காது போன்ற இரண்டு பிடிப்புத் தகடுகளுக்கு நடுவே உட்கார வேண்டும்.

அதே இடத்தில் தடித்த தகடு ஒன்றைப் பற்றவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பாரம் பரவாவிட்டால் விரிசல் அந்தத் தகட்டின் விளிம்புக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.