மூன்று தொழிலும் ஒரே மரத்தில்

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா தொடங்கிய மளிகைக் கடையை நானும் தம்பியும் நடத்துகிறோம். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்ற இரண்டு லாரி, கல்யாணச் சமையல் என்று விரிந்து, இப்போது 14 பேர் வேலை செய்கிறார்கள். அடுத்த ஐந்து ஆண்டுக்கு வியூகம் வகுக்க எங்கே தொடங்குவது?

பதில்: எப்படி அதிகம் விற்பது என்பது அந்தந்தத் தொழிலின் கவலை. நிறுவன வியூகம் அதற்கு முந்தைய கேள்வி: எந்தெந்தத் தொழில் உங்கள் கையில் இருக்க வேண்டும்?

முதலில் மூன்றின் கணக்கையும் பிரியுங்கள். கடை சொந்தக் கட்டடம்தானே என்று வாடகையை விட்டுவிடாதீர்கள். வெளியாளுக்கு விட்டால் எவ்வளவு வருமோ அதைச் செலவில் எழுதுங்கள். உங்களுக்கும் தம்பிக்கும் சம்பளம் போடுங்கள். சமையலுக்குக் கடையிலிருந்து போகும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் விலை போடுங்கள். குடும்பத் தொழில்களில் 'நல்லா ஓடுது' என்று சொல்லப்படும் பிரிவு பல நேரம் பக்கத்துப் பிரிவின் காசில்தான் ஓடிக்கொண்டிருக்கும். கடன் எழுதும் 555 புத்தகத்தில் ஆறு மாதமாக நிற்கும் கடனையும் வரவாக எண்ண வேண்டாம்.

அப்புறம், ஒன்று சரிந்தால் இன்னொன்று தாங்கும் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் ஊரில் அது சந்தேகம். மூன்று தொழிலும் செம்பனை விலையையே நம்பியிருக்கின்றன. 2008 மார்ச்சில் டன் 4,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டிய செம்பனை எண்ணெய், அதே ஆண்டு முடிவதற்குள் 1,500 வெள்ளி அளவுக்கு இறங்கியது. அப்படி இன்னொரு முறை நடந்தால் சிறுதோட்டக்காரர் கடையில் கடன் சொல்வார், லாரிக் கூலியைக் குறைக்கச் சொல்வார், மகள் கல்யாணப் பந்தியையும் சுருக்குவார். வேலையும் ஒரே சமயத்தில் குவிகிறது. ஆண்டின் பிற்பகுதியில் குலை அதிகம், தீபாவளியும் அப்போதுதான். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். அதனால் கடைச் சரக்குக்காக அந்த லாரியை நிறுத்திவைக்கவும் முடியாது.

ஆகவே ஒவ்வொன்றையும் பற்றிக் கேளுங்கள்: இது வேறொருவர் கையில் இருந்தால் இன்னும் நன்றாக ஓடுமா? சமையலும் கடையும் சரக்கையும் வாடிக்கையாளரையும் பகிர்கின்றன. லாரிக்கும் கடைக்கும் பொதுவானது முதலாளியும் செம்பனையை நம்பிய அதே வாடிக்கையாளரும் மட்டுமே. உங்கள் கணக்கை நான் பார்க்கவில்லை, ஆனாலும் ஒரு லாரியை விற்று, ஈப்போ அலுவலகங்களுக்கு மதிய உணவு தரும் சமையல்கூடம் போடலாமா என்றுதான் முதலில் பார்ப்பேன். அரை மணிப் பயணம். அங்கே பலரின் சம்பளம் செம்பனையை நம்பியில்லை.

அதற்கு முன் கையிருப்பு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியில் கணக்கிட்டாலே 14 பேருக்கு மாதம் 23,800. மூன்று மாதத் தொகை தனியாக இல்லாமல் புதிதாக எதிலும் கைவைக்காதீர்கள்.

லாரி மேல் தம்பிக்குப் பாசம் இருக்கலாம். சரி, லாரிக் கணக்கை அவரையே எழுதச் சொல்லுங்கள்.