மதிய வெயிலில் காணாமல் போகும் கங்காரு

கேள்வி: சிட்னிக்கு வடக்கே கூரிங்காய் சேஸ் தேசியப் பூங்காவில், வெஸ்ட் ஹெட் பக்கம் உள்ள பேசின் டிராக் வழியில் பூர்வகுடியினரின் பாறைச் செதுக்கல்களைப் பார்க்க ஜனவரியில் போனோம். பகல் ஒரு மணி. விளக்கப் பலகையில் இருந்ததில் பாதிகூடப் பாறையில் தெரியவில்லை. கோடுகளைச் சாக்பீஸால் நிரப்பிப் படமெடுக்கலாமா? அல்லது பழைய ஆய்வாளர்கள் வரைந்ததே தப்பா?

பதில்: சாக்பீஸ் வேண்டவே வேண்டாம். நீங்கள் போன நேரம்தான் தப்பு.

அம்மி பொளிவதைப் பார்த்திருந்தால் இந்தக் கோடுகள் உருவான விதம் உடனே விளங்கும். உருவத்தின் எல்லையில் கூரிய கல்லால் வரிசையாகக் குழிகள் கொத்துவார்கள். பிறகு குழிகளுக்கு நடுவே இருப்பதைத் தேய்த்து ஒரே பள்ளமாக இணைப்பார்கள். கங்காருவோ திமிங்கிலமோ, பெரும்பாலும் வெளிக்கோடு மட்டும்தான், உள்ளே வெறுமை. காலப்போக்கில் பள்ளமும் பாறையின் நிறத்துக்கே வந்துவிடும். ஆகவே கண்ணுக்குக் காட்டிக்கொடுப்பது நிழல் ஒன்றுதான்.

அந்த நிழலைக் கணக்குப் போட்டுவிடலாம். பள்ளம் 1 செ.மீ. ஆழம் என்று வையுங்கள். ஜனவரி நடுப்பகலில் சிட்னியில் சூரியன் அடிவானத்திலிருந்து 73 டிகிரிக்கு மேலே நிற்கும். பள்ளத்தின் விளிம்பு போடும் நிழல் 3 மி.மீ.கூட வராது. ஜூன் நடுப்பகலில் சூரியன் சுமார் 33 டிகிரிதான். நிழல் ஒன்றரை செ.மீ. சூரியன் 15 டிகிரிக்கு இறங்கினால் அதே விளிம்பு 3.7 செ.மீ. நிழல் போட்டுப் பள்ளத்தை நிரப்பிவிடும். உண்மையில் விளிம்புகள் தேய்ந்து உருண்டிருப்பதால் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். எனவே உதயத்துக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், மறைவுக்கு முன் ஒன்றரை மணி நேரம். முடிந்தால் குளிர்காலம். மாலையில் போனால் பூங்காவின் வாயில் அடைக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் எல்லாக் கோடும் தெரியாது. ஒளி வரும் திசையிலேயே ஓடும் பள்ளத்தில் நிழல் விழாது. அதனால்தான் ஒரு வால் காலையிலும் காணோம், மாலையிலும் காணோம் என்றாகிறது. இதற்கு மருந்து டார்ச் அல்லது கேமராவிலிருந்து பிரித்த ஃபிளாஷ். தரையோடு தரையாக, 10 முதல் 15 டிகிரியில் பிடித்து நான்கு திசைகளிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். பகலாக இருந்தால் துணைக்கு வந்தவர் கறுப்புக் குடையால் அந்த இடத்துக்கு வெயில் படாமல் மறைக்கட்டும். கேமரா முக்காலியில் இருக்கட்டும். முக்காலியின் கால்களைப் பள்ளத்தின் மேல் ஊன்றாதீர்கள். கேமராவின் ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 100 அல்லது 200, லென்ஸின் துளை எஃப் 8. உருவத்துக்கு நேர் மேலிருந்து எடுக்க முடிந்தால் நல்லது. சாய்த்து எடுத்தால் திமிங்கிலம் மீனாகச் சுருங்கும். 10 செ.மீ. அளவுகோல் ஒன்றை உருவத்துக்குப் பக்கத்தில், அதன் மேல் அல்ல, வையுங்கள்.

பல படங்களை மென்பொருளில் இணைத்து முப்பரிமாண மாதிரி செய்ய நினைத்தால் கதை தலைகீழ். அதற்கு நிழல் ஆகாது; மேகமூட்டமான நாள் வேண்டும். அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். நிழல் நகர்ந்தால் மென்பொருள் குழம்பும். டிரோனை அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

மழை விட்ட பிறகு பாறை மேல்பரப்பு முதலில் காயும், பள்ளம் ஈரமாகவே இருக்கும். அப்போது கோடுகள் கருமையாகத் தெளியும். அதற்காகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இருக்கலாம். இந்தப் பாறை மணற்கல்; ஈரத்தில் அதன் வலுவும் குறைந்திருக்கும். பாறையில் ஏறாமல் ஓரத்திலிருந்தே பாருங்கள். காய்ந்த நாளிலும் செருப்பில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி அராவும். பாசி படிந்த இடத்தைச் சுரண்டினால் பாசியோடு மணற்கல் துகளும் வந்துவிடும்.

இனி பழைய வரைபடங்கள். இந்தப் பகுதியைப் பெரிய அளவில் முதலில் பதிந்த டபிள்யூ. டி. கேம்பெல் ஒரு நிலஅளவையாளர். போர்ட் ஜாக்சன் (சிட்னி துறைமுகம்), அதற்கு வடக்கே உள்ள புரோக்கன் பே ஆகிய இடங்களின் செதுக்கல்கள் பற்றிய அவரது நூல் 1899-இல் வந்தது. அதே காலத்தில் பதிந்த ஆர். எச். மாத்யூஸும் நிலஅளவையாளரே. பின்னால் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் ஃபிரெட் மெக்கார்த்தி தொடர்ந்தார். அளவைத் தொழில் செய்தவர்கள் என்பதால் உருவத்தின் இருப்பிடத்தையும் நீளத்தையும் தாராளமாக நம்பலாம். கண், விரல், இடுப்புக்கட்டு போன்ற நுணுக்கத்தை மட்டும் பாறையோடு ஒத்துப்பாருங்கள். ஒரு வரைபடம் என்பது ஒரு நாள் ஒளியில் ஒருவர் கண்டது. இயற்கை விரிசலைக் கோடாக எண்ணியிருக்கலாம், ஒளிக்கு இணையான கோட்டை விட்டிருக்கலாம். அதன்பின் 120 ஆண்டுக்கும் மேலாகப் பாறை தேய்ந்திருக்கிறது.

சாக்பீஸ் அந்த ஐயத்தை நிரந்தரமாக்கிவிடும். செதுக்கல்களைப் பதிந்தவர்கள் பலர் ஒருகாலத்தில் அதைப் பயன்படுத்தியது உண்மை. ஆனால் நீங்கள் நிரப்புவது பள்ளத்தை அல்ல, பள்ளம் என்று நீங்கள் நினைப்பதை. அடுத்து வருபவர் உங்கள் ஊகத்தையே படமெடுப்பார். இதன் பெரிய வடிவத்தைச் சிட்னியின் பாண்டை கோல்ஃப் மைதானத்தில் காணலாம்: 1964-இல் நகராட்சி அங்குள்ள கோடுகளை மறுபடி வெட்டியது. இன்று பளிச்சென்று தெரிகிறது. ஆனால் மூலக்கோடு எது என்று அந்தப் பள்ளத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

சட்டமும் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் 1974-ஆம் ஆண்டு தேசியப் பூங்கா, வனவிலங்குச் சட்டப்படி செதுக்கலுக்குச் சேதம் விளைவிப்பது குற்றம். பலகை இல்லாத இடத்தில் புதிதாக ஏதேனும் கண்ணில் பட்டால் ஹெரிடேஜ் நியூ சவுத் வேல்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். அவர்களிடம் பூர்வகுடி மரபிடங்களுக்கான பதிவேடு இருக்கிறது. அந்தப் படத்தை இணையத்தில் போடுவதாக இருந்தால், முதலில் அதில் பதிந்திருக்கும், இடத்தைக் காட்டிக்கொடுக்கும் ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிடுங்கள்.