நெருப்பே இல்லாத சண்டையில் தீமிதி வீரர் என்ன செய்வார்?

கேள்வி: டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைதோறும் நான்கு பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டு) 5ஆம் பதிப்பு நடத்துகிறேன். இங்கே ஈஸ்டர் சமயத்தில் நடக்கும் தீமிதியை மனதில் வைத்து ‘தீமிதி வீரர்’ என்று 20 லெவலுக்கும் புதிய கிளாஸ் (வீரர் வகை) ஒன்று எழுதினேன். லெவல் 1இலேயே நெருப்பு அவரை ஒன்றும் செய்யாது. நெருப்பின் மேல் நின்று அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் 2டி6 (6 முகப் பகடை இரண்டு) கூடுதல் சேதம். ஈடாக, தண்ணீர் பட்டால் இரண்டு மடங்கு சேதம். நெருப்பு இருக்கும் சண்டையில் மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கிறார்கள். இல்லாத சண்டையில் இந்த வீரரை ஆடும் தம்பி போனை எடுத்துவிடுகிறான். எங்கே திருத்துவது, ஐயா? சரிவந்தால் மற்ற குழுக்களுக்கும் கொடுக்க ஆசை.

பதில்: கற்பனை நன்றாக இருக்கிறது, அதை விடாதீர்கள். கோளாறு கணக்கில்தான். ஒரே துறையில் தேர்ந்த கிளாஸை எழுதும்போது, அந்தத் துறை தலைகாட்டாத நாளில் அவர் என்ன செய்வார் என்பதை முதலில் எழுத வேண்டும். உங்கள் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அதனால் தம்பிக்கு வேலை இருக்குமா இல்லையா என்பது நீங்கள் அன்றைக்கு நெருப்பு வைக்கிறீர்களா என்பதைப் பொறுத்துப் போகிறது.

முதலில் அந்த 20 லெவல் கிளாஸை ஓரமாக வையுங்கள். உங்களுக்கு வேண்டியது சப்கிளாஸ், அதாவது ஏற்கெனவே உள்ள ஒரு கிளாஸுக்குள் வரும் உட்பிரிவு. 2000இல் வந்த 3ஆம் பதிப்பில் தனித்துறை வீரர்களுக்கு ‘பிரெஸ்டீஜ் கிளாஸ்’ இருந்தது. நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே அதில் நுழைய முடியும். அதனால் ஆடுபவர்கள் முதல் லெவலிலிருந்தே நிபந்தனைக்காகத் திறன்களைச் சேர்த்தார்கள், ஆசைப்பட்ட வேலை பல லெவல் கழித்துத்தான் கைக்கு வந்தது. 5ஆம் பதிப்பு அதை 1 முதல் 3ஆம் லெவலுக்குள் கொண்டுவந்தது. 2024இல் திருத்திய விதிகளில் எல்லா சப்கிளாஸும் 3இல்தான் தொடங்குகின்றன. தீமிதி வீரருக்கு ஃபைட்டர் என்ற போர்வீரர் கிளாஸ் அடித்தளமே பொருத்தம். விரதம் என்றதும் சபதம் ஏற்ற வீரரான பாலடின் நினைவுக்கு வரும், ஆனால் பாலடினிடம் ஒரே அடியில் கொட்டும் சக்தி ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் இதையும் ஏற்றினால் தாங்காது. ஃபைட்டரில் சப்கிளாஸ் திறன்களுக்கு 3, 7, 10, 15, 18ஆம் லெவல்கள் என்று ஐந்தே இடங்கள். அந்த ஐந்தை நிரப்பினால் போதும்.

அடுத்து சேதக் கணக்கு. ஒப்பிட்டுப் பார்க்க, ஃபைட்டரின் சப்கிளாஸ்களில் ஒன்றான பாட்டில் மாஸ்டரை எடுங்கள். 3ஆம் லெவலில் அவருக்கு 8 முகப் பகடை நான்கு, ஷார்ட் ரெஸ்ட் (சிறு ஓய்வு) எடுத்தால் திரும்ப வரும். ஒன்றின் சராசரி 4.5, ஆக மொத்தம் 18. இரண்டு ரெஸ்டுக்கு நடுவே இரண்டு சண்டை, ஒவ்வொன்றும் நான்கு ரவுண்டு (எல்லோரும் ஒரு முறை ஆடும் சுற்று) என்று வைத்தால், எட்டு ரவுண்டுக்கு 18 கூடுதல் சேதம். இப்போது உங்கள் 2டி6. சராசரி 7. 3ஆம் லெவலில் தாக்கும் எண் +5, எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட எட்ட வேண்டிய எண்) 13 என்றால் 20 முகப் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 65 சதவீதம். ரவுண்டுக்கு 4.55, எட்டு ரவுண்டுக்கு 36.4. இரண்டு மடங்கு. அதோடு நிற்கவில்லை. 5ஆம் லெவலில் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி, 11இல் மூன்றாவது. ‘ஒவ்வொரு அடிக்கும்’ என்று எழுதிய போனஸ் அடிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து பெருகும். மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பது இதனால்தான்.

‘உங்கள் டர்னில் ஒரு முறை, 1டி6’ என்று மாற்றுங்கள் (டர்ன் என்பது ரவுண்டில் ஒருவர் ஆடும் முறை). 3ஆம் லெவலில் ரவுண்டுக்கு 2.275, எட்டு ரவுண்டுக்கு 18.2. பாட்டில் மாஸ்டருக்குச் சமமாக வந்து நிற்கிறது. அவருடைய பகடைகள் எதிரியைக் கீழே தள்ளுவது போன்ற வேலைகளையும் செய்வதால், உங்கள் வீரருக்கும் சிறிதாக ஒன்று சேர்க்க இடம் இருக்கிறது. 5ஆம் லெவலில் இரண்டு அடியில் ஒன்றாவது பட 88 சதவீத வாய்ப்பு, ஆனாலும் ரவுண்டுக்கு 3.1தான் ஆகிறது. வளர்கிறது, ஓடிவிடவில்லை.

நெருப்பு அவரை ஒன்றும் செய்யாது என்பது லெவல் 1இல் ஏன் கூடாது? 5ஆம் லெவல் குழுவின் மேல் எதிரி ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரத்தை வீசுகிறான் என்று வையுங்கள். 8டி6, சராசரி 28. கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 உள்ள விஸார்டுக்கு (மந்திரவாதிக்கு) ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 32, அதே உடல்வாகுள்ள ஃபைட்டருக்கு 44. தப்பும் பகடையில் இருவருமே தோற்றால் விஸார்டுக்கு 4 மிச்சம், உங்கள் வீரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருக்கு உறைக்கும்படி நெருப்பைக் கூட்டினால் நண்பர்கள் சாவார்கள், குறைத்தால் அவருடைய சிறப்பு தெரியாது. பாதியாகக் குறைப்பதென்றால் அவருக்கு 14 போகும். பயமும் இருக்கும், பெருமையும் இருக்கும்.

தண்ணீர் பலவீனம் வெறும் கண்துடைப்பு. 5ஆம் பதிப்பில் உள்ள 13 சேத வகைகளில் தண்ணீர் என்று ஒன்று கிடையாது. மேசைக்கு வராத பலவீனம் விலை ஆகாது. விலை ஒவ்வொரு சண்டையிலும் கைக்குத் தெரிய வேண்டும். தீமிதியில் காப்பு கட்டிக்கொள்வது இருக்கிறதே, அதையே விதியாக்கலாம். இப்படி எழுதிப் பாருங்கள் (போனஸ் ஆக்‌ஷன் என்பது உங்கள் டர்னில் செய்யும் கூடுதல் சிறு செயல், ரியாக்‌ஷன் என்பது பிறர் செயலுக்கு உடனே செய்யும் எதிர்வினை, அட்வான்டேஜ் என்பது பகடையை இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது):

லெவல் 3, காப்பு: போனஸ் ஆக்‌ஷனில் கட்டலாம், ஒரு நிமிடம் நிற்கும், மயங்கி விழுந்தால் அவிழும். இரண்டு முறை, ஷார்ட் ரெஸ்டில் திரும்ப வரும். ஹெவி ஆர்மர் போட்டிருந்தால் கட்ட முடியாது. கட்டியிருக்கும்போது உங்கள் டர்னில் ஒரு முறை, படும் அடியோடு 1டி6 நெருப்புச் சேதம். உங்கள் மேல் விழும் நெருப்புச் சேதத்தை ரியாக்‌ஷனில் பாதியாக்கலாம். பசி, தாகம், தூக்கமின்மையைத் தாங்கும் கான்ஸ்டிடியூஷன் பகடைகளுக்கு எப்போதும் அட்வான்டேஜ்.

லெவல் 7, கங்குத் தடம்: காப்பு இருக்கையில் நீங்கள் நடந்த 5 அடிக் கட்டங்களில் மூன்று, உங்கள் அடுத்த டர்ன் தொடங்கும்வரை கங்காகக் கிடக்கும். அதில் நுழையும் அல்லது அதில் டர்னை முடிக்கும் எதிரிக்கு 1டி6.

லெவல் 10: உங்கள் நெருப்பு, எதிரியின் நெருப்பு எதிர்ப்பைப் பொருட்படுத்தாது. காப்பு மூன்று முறை.

லெவல் 15: அதே ரியாக்‌ஷனால் 10 அடிக்குள் நிற்கும் நண்பருக்கு விழும் நெருப்பையும் பாதியாக்கலாம்.

லெவல் 18: காப்பு இருக்கும்வரை நெருப்பு உங்களைத் தீண்டாது.

நெருப்பு எங்கிருந்தோ வரவேண்டும் என்ற தேவை இப்போது இல்லை, அவரே கொண்டுவருகிறார். முதல் ரவுண்டின் போனஸ் ஆக்‌ஷன் காப்புக்குப் போவதால், அதே ஆக்‌ஷனில் செய்யும் செகண்ட் விண்டு (ஃபைட்டர் தன் ஹிட் பாயிண்டை மீட்கும் திறன்) காத்திருக்க வேண்டும். இதுதான் நிஜமான விலை. பாலைவனப் பயணத்தில் பசி தாங்கும் திறன் பேசும். ட்ரோல் என்ற அரக்கன் வந்தால் தம்பி நிமிர்ந்து உட்காருவான்: நெருப்போ அமிலமோ பட்டால்தான் அதன் ஹிட் பாயிண்ட் மீட்பு அடுத்த டர்னில் நிற்கும்.

இரண்டு இடங்களில் வார்த்தையைக் கவனியுங்கள். கங்குத் தடத்தில் ‘ஒரு எதிரிக்கு ஒரு ரவுண்டில் ஒரே முறை’ என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். ‘ஒரு டர்னில்’ என்று விட்டால் நால்வரும் ஆளுக்கொரு டர்னில் அதே எதிரியைக் கங்கில் தள்ளித் தள்ளி நான்கு முறை சேதம் வாங்குவார்கள். இரண்டாவது, காப்பின் எண்ணிக்கையை ப்ரொஃபிஷன்சி போனஸோடு (தேர்ச்சிக்காகப் பகடையில் கூட்டும் எண்) கட்டாதீர்கள். அது மொத்த லெவலைப் பார்த்து வளர்வது. மூன்றே லெவல் ஃபைட்டர் எடுத்துவிட்டு வேறு கிளாஸுக்குத் தாவுபவருக்கும் முழுசாகக் கிடைத்துவிடும்.

இன்னொன்று, இதை அழுத்தமாகவே சொல்கிறேன். அம்மன் பெயரை விதிக்குள் கொண்டுவராதீர்கள். பகடை சரியாக விழாததால் விரதம் முறிந்தது என்று எழுதினால், பக்தி பொய்த்தது என்று மேசையில் அர்த்தமாகும். வீட்டில் நிஜமாகவே காப்பு கட்டிப் பூக்குழி இறங்குபவர்கள் இருக்கிறார்கள். விரதம் முறிவது ஆடுபவர் தானே எடுக்கும் முடிவாக மட்டும் இருக்கட்டும். அசைவம் கூடாது, செருப்பு கூடாது போன்ற நியமங்கள் கதைக்கு அழகு, தாராளமாக வையுங்கள். ஆனால் சக்திக்கு ஈடான விலை என்று அவற்றைக் கணக்கில் எழுத வேண்டாம். சண்டை மும்முரத்தில் நீங்களே மறந்துவிடுவீர்கள்.

சோதனைக்கு லெவல் 3, 5, 11 மூன்றிலும் ஒரு சண்டை நடத்துங்கள், மூன்றிலும் எதிரியிடம் நெருப்பு இருக்கக் கூடாது. பிறகு 5ஆம் லெவலில் ஒன்று, நெருப்புத் தீண்டாத எதிரிகளோடு. சேதத்தை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு டர்னிலும் அவருக்கு இரண்டு நல்ல வழிகளாவது இருந்தனவா என்று குறியுங்கள். ‘அடிக்கிறேன்’ என்ற ஒரே பதில் தொடர்ந்து மூன்று டர்ன் வந்தால், கங்குத் தடத்தை 3ஆம் லெவலுக்கு இறக்கி, ரியாக்‌ஷனை 7க்கு ஏற்றுங்கள்.

மற்றவர்களுக்குக் கொடுக்க: அடிப்படை விதிகளின் தொகுப்பான சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமென்ட் 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. அதில் கேட்டிருக்கும் நன்றி வரியை அப்படியே போட்டால் அதிலுள்ள விதிகளை எடுத்தாளலாம். ஃபைட்டரின் இன்னொரு சப்கிளாஸான சாம்பியன் அதில் இருக்கிறார், பாட்டில் மாஸ்டர் இல்லை. ஆகவே பாட்டில் மாஸ்டரைக் கணக்குப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதன் வாசகத்தை உங்கள் தாளில் சேர்க்காதீர்கள்.