சிங்கப்பூர் ஃப்ளையர் ராட்டினத்தில் மாலை எத்தனை மணிக்கு ஏறினால் சூரிய அஸ்தமனம், நகர விளக்குகள் இரண்டையும் பார்க்கலாம்?

சூரியன் மறையும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் கேப்ஸ்யூலுக்குள் (ராட்டினத்தின் கண்ணாடிக் கூண்டு) கால் வைத்திருக்க வேண்டும். டிக்கெட் வாங்கும் நேரத்தையோ வரிசையில் நிற்கும் நேரத்தையோ வைத்துக் கணக்குப் போடுவதால்தான் பலருக்கும் தவறிப்போகிறது.

கணக்கு இதுதான். ராட்டினத்தின் விட்டம் 150 மீட்டர், உச்சி 165 மீட்டர், ஒரு சுற்றுக்குச் சுமார் 30 நிமிடம். ஏறிய பதினைந்தாவது நிமிடம் உச்சி. நடுப்பகுதியில் விறுவிறுவென உயரும், உச்சியை நெருங்கினால் ஏறுவதே தெரியாது. கடைசிப் பத்து மீட்டர் உயரத்துக்குள் மட்டும் ஏறி இறங்க ஐந்து நிமிடம் கிடைக்கும். அவசரப்பட்டு முதல் பத்து நிமிடத்திலேயே படங்களைச் சுட்டுத் தள்ள வேண்டாம்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் அஸ்தமனம் 6.45 முதல் 7.20க்குள் அடங்கிவிடும். அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்துக்குமேல் தாங்காது. ஐந்து நிமிடம் முன்னால் ஏறினால், சூரியன் மறையும்போது சுமார் 50 மீட்டரில் இருப்பீர்கள். வானம் நீலமாகி விளக்குகள் எரியத் தொடங்கும்போது உச்சி. அஸ்தமனம்தான் முக்கியம் என்றால் பத்து நிமிடம் முன்னால் ஏறுங்கள், 125 மீட்டருக்குமேல் இருந்து பார்க்கலாம். ஆனால் விளக்குகள் முழுதாக எரிவதற்குள் பாதி இறங்கியிருப்பீர்கள்.

பாதுகாப்புச் சோதனை, காட்சிக்கூடம், வரிசை எல்லாம் தாண்ட முக்கால் மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து எம்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையம் புரொமனாட். எஃப்1 கார் இரவுப் பந்தய நாட்களில் சுற்றுவட்டாரச் சாலைகளை மூடிவிடுவார்கள், ரயில்தான் வழி. கேப்ஸ்யூலுக்குள் கழிப்பறை கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மொத்தம் 28 கேப்ஸ்யூல்கள், ஒன்றில் 28 பேர் வரை. உங்களுடையது நெரிசலாகத் தெரிந்தால் அடுத்ததில் ஏற்றும்படி ஊழியரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் வந்துவிடும். ஏறியதும் மேற்குப் பக்கக் கண்ணாடியோரம் இடம் பிடியுங்கள். மெரினா பேயும் நகர மையமும் அங்கேதான். தெற்கே கார்டன்ஸ் பை தி பே, அதற்கப்பால் கடலில் வரிசை கட்டி நிற்கும் கப்பல்கள். வடகிழக்குப் பக்கம் காலாங். அங்கே கூட்டம் இருக்காது.

இருட்டியதும் உள்விளக்குகளும் உங்கள் சட்டையும் கண்ணாடியில் தெரியும். கறுப்புச் சட்டை, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடிப்பது, ஃபிளாஷை அணைப்பது, இவை போதும். லென்ஸில் போலரைசர் ஃபில்டர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) இருந்தால் கழற்றிவிடுங்கள். வெளிச்சத்தைக் குறைப்பதோடு, கடினமாக்கிய (டெம்பர்டு) கண்ணாடிகளில் வானவில் கறைகளையும் காட்டிவிடும். டிரைபாடும் வீண்: யாராவது நடந்தாலே தரை அதிரும். ராட்டினம் நொடிக்கு 26 சென்டிமீட்டர்தான் நகர்கிறது, எனவே 1/60 நொடி ஷட்டர் வேகத்தில் கையில் பிடித்தே எடுக்கலாம். ஏ.சி. குளிரில் இருந்த கேமராவை வெளியே கொண்டுவந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைக்காமல் சில நிமிடம் விடுங்கள், தானே போய்விடும்.

தெளிவான நாளில் மலேசியா, இந்தோனேசியத் தீவுகள் வரை தெரியும். சில ஆண்டுகளில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம் அதைக் கெடுக்கும். இடி மின்னல் என்றால் ராட்டினத்தை நிறுத்திவிடக்கூடும். 2008 டிசம்பரில் கட்டுப்பாட்டு அறையில் தீப்பிடித்து 173 பேர் சுமார் ஆறு மணி நேரம் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். அப்படி நடப்பது அபூர்வம், ஆனால் பழுதுபார்ப்புக்காக மூடுவது உண்டு. கிளம்பும் அன்று காலை அவர்கள் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.