தன்னையே கவனித்து எழுதிய குறிப்புகள் ஆய்வுத் தரவாகுமா?

ஆய்வேட்டுக்காக உங்கள் அன்றாட நடத்தையை நீங்களே குறித்து வைத்திருக்கிறீர்கள், ஆனால் "இது உன் அபிப்பிராயம்தானே" என்று ஆய்வு வழிகாட்டி தயங்குகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: அந்தக் குறிப்புகளைத் தரவாக ஏற்கலாம். என்ன நடந்தது, எப்போது, யார் முன்னால் என்பதற்கு அவை நல்ல சாட்சி. ஏன் நடந்தது என்பதற்கு மட்டும் அவற்றை நம்பாதீர்கள்.

வழிகாட்டியின் தயக்கம் பழையது. ஒருவர் யோசிப்பவராகவும் அதைப் பார்ப்பவராகவும் ஒரே நேரத்தில் இரண்டாகப் பிரிய முடியுமா என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுத் தத்துவவாதி ஆகுஸ்த் கோம்த் கேட்டார். நியாயமான கேள்வி. கோபத்தின் நடுவே கோபத்தைக் கவனிக்க முயன்றால் அது மாறிவிடும். அதனால் நடைமுறையில் நாம் செய்வது, நடந்து முடிந்த கையோடு எழுதுவது. ராத்திரிக்குத் தள்ளிப்போட்டால் அன்றைய நிகழ்வு ஏற்கெனவே ஒரு கதையாகியிருக்கும், அதில் நாம் கொஞ்சம் நல்லவராகவும் ஆகியிருப்போம்.

இவ்வளவு சிக்கல் இருந்தும் இந்த முறை எதற்கு? வெளியே இருந்து யாராலும் பார்க்க முடியாதவை உண்டு. பொறாமை, மறைத்துவிட்ட ஒரு செய்தி, சின்னப் பொய். 1996இல் உளவியலாளர் பெல்லா டிபாலோவும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒரு வாரம் தங்கள் பொய்களைத் தாங்களே குறித்தார்கள். மாணவர்கள் சராசரியாக நாளுக்கு இரண்டு, மற்றவர்கள் ஒன்று. பக்கத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நின்று இதை எண்ணியிருக்க முடியாது.

சரி, காரணத்தை ஏன் நம்பக் கூடாது? உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். இடது ஓரத்து ஜோடியைவிட வலது ஓரத்து ஜோடியை ஏறக்குறைய நான்கு மடங்கு பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது வைத்திருந்த இடத்தை ஒருவர்கூடச் சொல்லவில்லை. இடம் காரணமாக இருக்குமா என்று நேராகக் கேட்டபோதும் அநேகமாக எல்லோரும் மறுத்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டதும் மனது பொருத்தமான ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

என் ஆய்வில் இதை நேரடியாகப் பார்த்தேன். குழுக் கூட்டங்களில் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்ட தருணங்களைக் குறித்து வந்தேன். காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் "நேரமில்லை" என்றுதான் எழுதியிருந்தது. அப்புறம் அறையில் யார் இருந்தார்கள் என்பதை வைத்து எல்லாவற்றையும் அடுக்கியபோது, அந்த மௌனங்கள் குறிப்பிட்ட ஒரு மூத்தவர் இருந்த கூட்டங்களில் குவிந்து கிடந்தன. எந்தத் தனிக் குறிப்பிலும் இல்லாத விஷயம் இது. குறிப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோதுதான் வந்தது. வழிகாட்டியிடம் நீங்கள் காட்ட வேண்டியது இந்த ஒப்பீட்டைத்தான்.

இன்னொன்று: குறித்து வைக்கத் தொடங்கினாலே நடத்தை மாறும். முதல் சில நாள் குறிப்புகளைத் தனியாக வைத்து, பின்னால் வந்தவற்றோடு பாருங்கள். மாற்றம் தெரிந்தால் அதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள், மறைக்க வேண்டியதில்லை.

கடைசியாக, பலர் விட்டுவிடும் ஒன்று. "என்னைப் பற்றித்தானே எழுதுகிறேன், யாரிடம் அனுமதி கேட்பது" என்று தோன்றும். ஆனால் உங்கள் பொறாமைக் குறிப்பில் பொறாமைக்கு உள்ளானவரும் இருக்கிறார், உங்கள் பொய்யில் அதைக் கேட்டவர் இருக்கிறார். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, உங்களைத் தெரிந்தவர்களுக்கு அவர் யாரென்று புரிந்துவிடும். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் அவர்களை எப்படிக் காப்பாற்றப் போகிறீர்கள் என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்.